ஓர் இணைப்பு, பல கணிப்பொறிகள்: வீட்டு வலையமைப்பில் இணையப் பங்கீடு

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய நாளில், ஓர் இணைப்பு என்பது ஒரு தொலைபேசிக் கம்பியையும் ஒரு கணிப்பொறியையும் மட்டுமே குறித்தது. மோடம் எண் சுழற்றி இணைப்பைப் பெற்றிருக்கும் நேரம் முழுவதும் வீட்டுத் தொலைபேசி வேறெதற்கும் பயன்படாது. அகலக்கற்றைக்கென 2004-ஆம் ஆண்டில் அரசு வகுத்த கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் வேகமும் எப்போதும் தொடர்பிலிருக்கும் இணைப்பும் வேண்டும் என வரையறுத்தது. வேகத்தைக் காட்டிலும் இந்த இடையறாத தொடர்பே பெரிய மாற்றமாகும். இணைப்பு கணிப்பொறிக்கு உரியது என்ற நிலை மாறி, வீட்டுக்கு உரியது என்ற நிலை அதனால்தான் உருவாயிற்று.

அந்த மாற்றத்தின் முழுப் பொருளையும் பல குடும்பங்கள் உணர்ந்தது, 2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடப்புக்கு வந்த பின்னரே எனலாம். தந்தையின் அலுவலகக் கூட்டம், மகளின் கல்லூரி வகுப்பு, மகனின் பள்ளிப் பாடம் ஆகிய மூன்றும் ஒரே வேளையில் ஒரே கம்பியின் வழியே நடைபெற வேண்டியிருந்தது. பங்கீடு சீராக அமையாத வீட்டில் யாரேனும் ஒருவரது பாடம் தடைபட்டது.

முகவரிப் பஞ்சம்

இணையத்தில் இயங்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் எண் தேவை. நெடுங்காலமாக வழக்கிலுள்ள முறையில் இவ்வெண் 32 இரும இலக்கங்களால் ஆனது. ஆகவே மொத்த முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி மட்டுமே. உலக மக்கள்தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது. 2011 பிப்ரவரியில் உலக மையக் கையிருப்பு தீர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் வழக்கமான வழங்கீடும் முடிவுற்றது. இணையத்தில் பிந்தி வந்து சேர்ந்த இந்தியா போன்ற நாடுகளுக்கு இப்பஞ்சம் கடுமையாகவே இருந்தது.

வீட்டுக்கு ஒரு முகவரி கிடைப்பதே அரிது என்ற நிலையில், அந்த ஒன்றைக் கொண்டு பத்துக் கருவிகளை இயக்குவது எவ்வாறு? முகவரி மாற்றம் என்னும் முறை 1994-லேயே இதற்கென வகுத்துரைக்கப்பட்டது. பெரிய அலுவலகம் ஒன்றின் தபால் பிரிவை இதற்கு ஒப்பிடலாம். எந்தப் பிரிவு எழுதிய கடிதமாயினும் அலுவலகத்தின் ஒரே முகவரியிலிருந்துதான் வெளியே செல்லும். தபால் எழுத்தர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிட்டு, அது எந்த மேசையிலிருந்து வந்தது எனப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். பதில் வரும்போது அவ்வெண்ணைப் பார்த்து உரிய மேசைக்கு அனுப்பிவிடுவார்.

ரூட்டர் என்னும் சிறு பெட்டி செய்வதும் இதுவே. வீட்டினுள் கணிப்பொறிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை அது வழங்குகிறது. இவை எல்லா வீடுகளிலும் மீண்டும் மீண்டும் பயன்படுபவை, வெளியுலகில் செல்லுபடியாகாதவை. வெளியே செல்லும் ஒவ்வொரு தொடர்புக்கும் போர்ட் எண் ஒன்றைத் தந்து பதிவு செய்து, திரும்பி வரும் தகவலை அதற்குரிய கருவிக்குச் சேர்க்கிறது. பதிவேட்டில் இல்லாத எண்ணைத் தாங்கி வெளியிலிருந்து தானாக வரும் செய்தி, எந்த மேசைக்கு என அறியப்படாமல் பொதுவாகக் கைவிடப்படும். இது ஓரளவு காப்பாகவும் அமைகிறது. ஆனால் காப்புக்கென வகுக்கப்பட்ட முறை அன்று.

தொடக்கத்தில் கணிப்பொறி ஒன்றே இவ்வேலையைச் செய்ததுண்டு. 1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இதற்கான வசதி இருந்தது. அந்தக் கணிப்பொறியை நிறுத்தினால் வீட்டில் எவருக்கும் இணையம் இல்லை. தனிப்பெட்டி வந்தபின் அத்தொல்லை நீங்கியது. எனினும் மின்தடையின்போது மடிக்கணிப்பொறி இயங்கினாலும் ரூட்டர் அணைந்துவிடும் என்பது பலர் மறந்துவிடும் செய்தி.

வரிசையும் முறைவைப்பும்

முகவரியைப் பகிர்வது எளிது. வேகத்தைப் பகிர்வதே கடினம். வேகமான இணைப்பு வாங்கியும் வகுப்பு தடைபடுகிறதே என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் பதிவேற்றத்தில் இருக்கும். செப்புக் கம்பி இணைப்புகளில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிட மிகக் குறைவு. அது வினாடிக்கு 10 லட்சம் பிட் எனக் கொள்ளலாம். ஒருவரது கைப்பேசி நூறு படங்களைத் தானாகவே வெளியே சேமிக்கத் தொடங்குகிறது. மோடத்தின் தற்காலிக நினைவகம் 256 கிலோபைட்டு கொள்ளுமாயின், அதில் ஏறத்தாழ 21 லட்சம் பிட் வரிசையில் நிற்கும். அதன் கடைசியில் வந்து நிற்கும் மாணவியின் குரல் இரண்டு வினாடிகளுக்கு மேல் தாமதித்தே ஆசிரியரை அடையும். ஆசிரியர் அதற்குள் அடுத்த மாணவரிடம் போய்விடுவார். அதிக வேகத்திற்குப் பணம் கட்டுவதால் மட்டும் இக்குறை தீரும் எனச் சொல்ல இயலாது.

பஞ்சாப், அரியானா கால்வாய்களில் வாராபந்தி என்னும் முறை உண்டு. தலைமடையில் உள்ளவர் நீரனைத்தையும் எடுத்துக்கொள்ளாதபடி ஒவ்வொருவருக்கும் முறை வைத்து நீர் விடப்படும். ரூட்டரிலும் இத்தகைய ஏற்பாடு செய்ய இயலும். பதிவேற்ற வேகத்தைக் கம்பியின் அளவைவிடச் சற்றுக் குறைத்து வைத்தால், வரிசை மோடத்தில் தேங்காமல் ரூட்டரிலேயே நிற்கும். ரூட்டர் அதனை ஒவ்வொரு தொடர்புக்கும் முறை வைத்து அனுப்பும். படங்கள் சற்றுத் தாமதித்துச் செல்லும். குரல் தடையின்றிச் செல்லும். எல்லாப் பெட்டிகளிலும் இவ்வசதி இல்லை. இல்லாத இடத்தில், வகுப்பு நேரத்தில் தானியங்கிச் சேமிப்பை நிறுத்திவைப்பதே வழி. வேகத்தைக் குறை கூறுமுன் ரூட்டர் வைக்கப்பட்டுள்ள இடத்தையும் பார்த்தல் நலம். இரும்பு அலமாரிக்குள் வைத்த பெட்டி அடுத்த அறைக்குப் பயன்படாது.

பொறுப்பு யாருடையது?

ஒரே முகவரியில் அனைவரும் வெளியே செல்வதால், வெளியுலகின் பார்வையில் வீடு முழுவதும் ஒரே ஆள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளையொட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் கடவுச்சொல் இன்றித் திறந்து கிடந்த வைஃபை இணைப்பு ஒன்றின் வழியே சென்றிருந்தது. இணைப்பின் உரிமையாளர் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது. நீண்ட கடவுச்சொல், டபிள்யு.பி.ஏ.2 அல்லது அதற்குப் பிந்திய காப்பு முறை, பெட்டியுடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுதல் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். குடியிருப்போருக்கும் விருந்தினருக்கும் தனி வலையமைப்பை ஒதுக்கினால், வீட்டுக் கணிப்பொறிகள் அவர்களுக்குப் புலப்படா. ஆயினும் வெளியே தெரியும் முகவரி அப்போதும் ஒன்றே.

கட்டணம் பெற்று அயலாருக்கு வழங்குவதை வீட்டு இணைப்புக்கான ஒப்பந்தங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அவ்வாறு வழங்க விரும்பும் சிறு கடைக்காரர்களுக்கென 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம்.-வாணி திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இதன்கீழ் பொதுத் தரவு நிலையம் நடத்துவோருக்கு உரிமமோ உரிமக் கட்டணமோ இல்லை.

புதிய முகவரி முறையில் எண் 128 இரும இலக்கங்களால் ஆனது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலகில் செல்லுபடியாகும் தனி முகவரி கிடைப்பதால் தபால் பதிவேட்டுக்கு வேலை இராது. அதனால் முன்பு தற்செயலாகக் கிடைத்த காப்பும் நீங்கிவிடும். எனவே அழையாமல் வரும் தொடர்புகளை மறிக்கும் தடுப்பு அப்பெட்டியில் இயங்குகிறதா என்பதை இம்முறைக்கு மாறும்போதே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.