தொலைதூர மருத்துவமனைக்கு நியாயமான ஈடு

ஒரே நோய்க்கு எங்கும் ஒரே தொகை என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும், மருந்தும் எரிபொருளும் கப்பலிலோ விமானத்திலோ வந்து சேரவேண்டிய ஊரில் அத்தொகை போதுமா? இவ்வினாவிற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் கண்ட விடையை இங்கு ஆராய்வோம்.

அங்கு முதியோருக்கான மெடிகேர் என்னும் அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸ் திட்டம் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. தொடக்கத்தில் மருத்துவமனை செய்த செலவை ஒட்டியே பணம் வழங்கப்பட்டது. செலவு பெருகிக்கொண்டே போனதால், நோயின் வகைக்கேற்பத் தொகையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் முறை 1983-இல் புகுத்தப்பட்டது. சிக்கனத்திற்கு இது வழிகோலியது. ஆனால் நாடெங்கும் விலைவாசி ஒன்றாக இல்லையே!

ஆகவே, அத்தொகையை இரு கூறாக்கினர். ஊதியத்திற்குரிய கூறு அந்தந்த வட்டாரக் கூலி நிலவரத்தை ஒட்டி மாறும். ஏனைய பொருட்செலவுக் கூறு, அலாஸ்கா, ஹவாய் ஆகிய இரு மாநிலங்களில் மட்டும் வாழ்க்கைச் செலவை ஒட்டி உயர்த்தப்படும். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவிற்கே வெளியிலிருந்து சாலை கிடையாது; ஹவாயோ கடல் சூழ்ந்த தீவுக்கூட்டம்.

ஓர் உதாரணம் காண்போம். தொகை 1,000 டாலர். அதில் ஊதியக் கூறு 600, மற்றது 400 எனக் கொள்வோம். உயர்வு நூற்றுக்கு 25 ஆனால், 400 என்பது 500 ஆகும். ஊதியக் கூறு மாறாதிருப்பின் மொத்தம் 1,100 டாலர். பொருளின் விலையேற்றத்திற்கு ஈடு, பொருட்செலவுக் கூறில் மட்டுமே சேர்க்கப்படுகிறது.

இம்முறை மட்டும் சிற்றூர் மருத்துவமனைகளைக் காக்கப் போதாது. நோயாளி ஒருவரே வந்தாலும் இரவெல்லாம் விளக்கு எரியவேண்டும், தாதி விழித்திருக்கவேண்டும். ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்னும் கணக்கு அச்செலவைத் தாங்காது. நாட்டுப்புறங்களில் பல மருத்துவமனைகள் மூடப்பட்ட பின்னர், 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றிற்கெனத் தனி வகுப்பொன்றை ஏற்படுத்தியது. படுக்கைகள் 25-க்கு மேற்படலாகாது. அடுத்த மருத்துவமனை பொதுவாக 35 மைலுக்கு அப்பால் இருக்கவேண்டும். மலைப்பாதையாயின் 15 மைல். இரவும் பகலும் அவசர சிகிச்சை அளிக்கவேண்டும். இத்தகைய மருத்துவமனைகளுக்கு, நியாயமான செலவு 100 டாலருக்கு 101 டாலர் வீதம் கணக்கிடும் முறை 2004-இல் வந்தது.

இதிலிருந்து நாம் அறியவேண்டுவது யாது? நிர்ணயித்த தொகை சிக்கனத்தைக் கற்பிக்கும். ஆனால் சிறிய மருத்துவமனையின் கதவை மூடிவிடவும் கூடும். செலவை ஒட்டிய தொகை கதவைத் திறந்து வைக்கும். ஆனால் சிக்கனத்தைத் தளர்த்தவும் கூடும். ஆதலின், பின்னதற்கு எல்லை வகுத்து, வேறு வழியற்ற ஊர்களுக்கே அளிப்பது முறையாகும். பனி பெய்யும் இரவில் மாரடைப்புற்ற முதியவருக்கு 35 மைல் என்பது வெறும் கணக்கன்று. உயிருக்கும் சாவிற்கும் இடைப்பட்ட தூரம்.