கணினிக்கு 'வெலிங்டன்' எத்தனை எழுத்து?

நம்ம ஊர்ப் பேரை எண்ணுங்க: வெ-லி-ங்-ட-ன். 5 எழுத்து. பைத்தான் மொழியில் எண்ணச் சொன்னேன். கணினி 9 என்றது! காரணம், யூனிகோடில் கொம்பு, மேல்விலங்கு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். 5 எழுத்தோடு வெட்டச் சொன்னால் 'வெலிங' என்று பேரையே கெடுத்துவிடும்.

சரியாக எண்ண 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கு. இப்படிப்பட்ட நிரல்களைப் பல பேர் பல ஊரிலிருந்து திருத்துவார்கள். ஒருத்தர் ஓரிடத்தைத் தொட்டால் இன்னோரிடம் கெடலாம். அதற்கு வழி:

1. 'வெலிங்டன் = 5' போன்ற சோதனைகளை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.
2. யார் திருத்தம் அனுப்பினாலும் ஒரு சர்வர் தானாகவே நிரலைத் தொகுத்து எல்லாச் சோதனையையும் ஓட்டும்.
3. 5 வந்தால் பச்சை. 9 வந்தால் சிவப்பு. சிவப்பைச் சரிசெய்த பிறகே திருத்தத்தைச் சேர்க்க வேண்டும்.

இந்த வேலைக்கான 'ஜென்கின்ஸ்' என்ற இலவச மென்பொருள், ஜப்பானியரான கோஸுகே கவாகுச்சி தொடங்கியது. முதலில் அதன் பெயர் 'ஹட்சன்', 2011-ல் மாறியது.

ராத்திரி 2 மணிக்குத் திருத்தினாலும் சர்வர் சோதிக்கும். மனுஷன் மறப்பான், அது மறக்காது. ஆனால் நாம் எழுதாத சோதனையை அதுவும் செய்யாது!

உங்க பேரைக் கணினி எத்தனை என்று எண்ணும்? கண்டுபிடியுங்க!