காக்கையிடம் ஓர் அச்சப் பாடம்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது பழமொழி. தானே அரண்டவனைப் பற்றி அது பேசுகிறது. பிறர் அரண்டதைப் பார்த்தே அரண்டுபோகும் உயிர்களும் உண்டு. ஆபத்து தன்னைத் தீண்டும் முன்னரே, இன்னோர் உயிரின் பதற்றத்தைக் கண்டு அச்சத்தைக் கற்றுக்கொள்வதை உளவியலார் 'உற்றுநோக்கிக் கற்றல்' என்பர். அதற்கு நல்ல ஆசிரியர் நமக்கு மிகவும் பழக்கமான காக்கை.

உட்லண்ட்ஸ் காக்கைகள்

உட்லண்ட்ஸ் புளோக்குகளுக்கு இடையிலுள்ள மரங்களிலும் உணவங்காடி நிலையங்களின் ஓரங்களிலும் நாம் காண்பது வீட்டுக் காக்கை. 1890களில் காப்பித் தோட்டப் பூச்சிகளை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் இது. சிங்கப்பூரில் 1940களில் தென்பட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நவ்ஜோத் சோதியும் அவர் குழுவினரும் 2000-2001இல் கணக்கெடுத்தபோது, தீவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காக்கைகள் இருந்தன.

கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் காக்கை வழிப்போக்கரைத் தாக்குவதுண்டு. 2023 பிப்ரவரியில் பீஷானில் நடந்த தாக்குதல்கள் செய்தியாயின. ஒரு காக்கை கரைந்தால் பத்துக் காக்கைகள் கூடிவிடுகின்றன. இது வெறும் கூச்சலா, இல்லை பாடமா?

முகமூடிச் சோதனை

விடை சியாட்டிலிலிருந்து வந்தது. 2006இல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப், குகைமனிதன் முகமூடி அணிந்து ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்தார். பிறகு அதே முகமூடியுடன் வளாகத்தில் நடந்தவர்களைக் காக்கைகள் கரைந்து விரட்டின. வேறு முகமூடி அணிந்தவர்களைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஒருமுறை அவர் எதிர்ப்பட்ட 53 காக்கைகளில் 47 அவரைப் பார்த்துக் கரைந்தன. பிடிபட்டவையோ ஏழே ஏழு!

ஐந்தாண்டுகளில் இந்த அச்சம் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பரவியது. தாய் தந்தை கரைவதைப் பார்த்த குஞ்சுகள், வளர்ந்து தனித்த பின்பும் அந்த முகத்தைக் கண்டு கரைந்தன. ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நேரில் பிடிபட்ட காக்கைகளே ஆபத்தான முகத்தையும் ஆபத்தில்லாத முகத்தையும் துல்லியமாகப் பிரித்தறிந்தன. பிறரைப் பார்த்துக் கற்றவற்றிடம் அத்துணைத் துல்லியம் இல்லை. இரவல் அச்சம் உயிரைக் காக்கும். ஆனால் ஆளை மாற்றியும் காட்டும்.

அமெரிக்கக் காக்கை வேறு இனம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் கூடி வாழ்வதிலும் கூடிக் கரைவதிலும் அது நம் காக்கைக்கு உறவு. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த அண்டங்காக்கைகளிடம் வியன்னாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஒரு பறவையின் ஏமாற்றத்தைக் கண்ட மற்றொன்றும் சோர்ந்த மனநிலைக்கு ஆளானது. உணவைப் பகிரும் பண்புக்கு வள்ளுவர் காட்டிய பறவை, உணர்வையும் பகிர்கிறது போலும்.

அச்சமின்மையும் தொற்றும்

1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சூசன் மினேகா ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்தார். ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை பாம்புக்கு அஞ்சவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு பதறுவதைச் சில நிமிடங்கள் பார்த்ததும் அஞ்சத் தொடங்கின. மூன்று மாதம் கழித்தும் அந்த அச்சம் மாறவில்லை. அதே பதற்றத்தைப் பூவைக் கண்டு ஏற்பட்டதுபோல் காணொளியில் தொகுத்துக் காட்டியபோது, பூவுக்கு அவை அஞ்சவில்லை. எதற்கு அஞ்சலாம் என்பதில் இயற்கையும் ஓரளவு முன்னேற்பாடு செய்திருக்கிறது.

இதைவிட முக்கியமானது வேறொன்று. பாம்பின் அருகில் அமைதியாக இருந்த குரங்கை முதலில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை, பின்னர் பதறும் குரங்கைப் பார்த்தும் அச்சம் கற்கவில்லை. அமைதி தடுப்பூசிபோல் வேலை செய்தது.

மனிதக் குழந்தையும் இப்படித்தான். 1985இல் வெளியான ஆய்வொன்றில், பள்ளம்போல் தோன்றும் கண்ணாடித் தளத்தின் விளிம்பில் ஒரு வயதுக் குழந்தைகளை விட்டனர். தாய் சிரித்த முகம் காட்டியபோது 19 பேரில் 14 பேர் கடந்தனர். அஞ்சிய முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

"பூச்சாண்டி வருகிறான்" என்று சோறூட்டும் நாம், நாயையோ அயலாரையோ கண்டு முகம் சுளிக்கும் நாம், சொல்லாமலே பாடம் நடத்துகிறோம். அருகில் நிற்கும் தம்பி தங்கைகள் நம் சொல்லைக் கேட்குமுன் நம் முகத்தைப் படித்துவிடுகிறார்கள். அவர்கள் பெறுவது தேவையான எச்சரிக்கையா, நம்முடைய இரவல் அச்சமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது படித்தவர்களாகிய நம் கடமை.