லாஸ்லோ ராய்க்: அமைச்சர் கைதியான வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியில் எழுந்த பொதுவுடைமைத் தலைவர்களுள் ஒருவர் லாஸ்லோ ராய்க் (1909–1949). ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போரிட்டவர். 1946 மார்ச்சில் உள்துறை அமைச்சரானார். பல சங்கங்களைக் கலைத்தார், எதிர்க்கட்சியினரை ஒடுக்கினார். இரகசியக் காவல்துறை அவர் காலத்தில் வலுப்பெற்றது.

1948 ஆகஸ்டில் அவர் வெளியுறவு அமைச்சரானார். பதவி பெரிதுதான், ஆனால் காவல்துறை அவர் கையை விட்டுப் போயிற்று. அவ்வாண்டு ஜூனில் ஸ்டாலினுக்கும் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் இடையே பகை வெளிப்பட்டிருந்தது. 'டிட்டோவின் ஒற்றர்' என்று காட்ட ஒருவர் தேவைப்பட்டார். கட்சித் தலைவர் ராக்கோசியின் பார்வை ராய்க் மீது விழுந்தது.

1949 மே 30இல் ராய்க் கைதானார். சித்திரவதைக்கு உள்ளான அவர், செப்டம்பரில் நடந்த வழக்கில் செய்யாத குற்றங்களை ஒப்புக்கொண்டார். அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார்.

1956இல் அவர் குற்றமற்றவர் என அரசே அறிவித்தது. அக்டோபர் 6இல் புடாபெஸ்டில் அவருடைய உடல் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டபோது மக்கள் பெருந்திரளாகக் கூடினர். அடுத்த 17 நாட்களில் புரட்சி வெடித்தது.

ராய்க் குற்றமற்றவர், எனினும் அவரை விழுங்கியது அவரே வளர்த்த அமைப்பு. எதிரிக்கு நீதி மறுக்கப்படும் நாட்டில் நண்பனுக்கும் அது நிலைப்பதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.