பாலையும் துறந்த நண்பர்

பால் கலவாத தேநீர் தந்தால் முகம் சுளிப்பவன் நான். உதகைக் குளிரில் அது என் பலவீனம். ஆகவேதான் ஹெர்மன் காலன்பாக் என்னை உறுத்துகிறார்.

யூதரான இவர் ஜோகன்னஸ்பர்க்கில் கட்டடக் கலைஞர். செல்வச் செழிப்பில் திளைத்தவர். 1910-இல் தம் 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்தியடிகளின் சத்தியாக்கிரகிகளுக்கு வாடகையின்றி வழங்கினார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. நம் தமிழர் பலர் அங்கே வாழ்ந்தனர். கிறித்தவர், இசுலாமியர் இருந்தும் அடுக்களையில் புலால் இல்லை. அனைவரும் மனமிசைந்து ஏற்றனர்.

1912-இல், பாலின் தீமையைப் பேசிக்கொண்டிருப்பதைவிட அதை விட்டுவிட்டால் என்ன என்று வினவியவர் காலன்பாக்கே. இருவரும் அக்கணமே துறந்தனர்.

நம் மலையின் தோடரும் மரபாகப் புலால் உண்ணாதவர். அவர்கட்கோ எருமைப்பால் புனிதம். என் மனம் தோடர் பக்கமே சாய்கிறது. காந்தியடிகளும் பின்னாளில் நோயுற்றபோது ஆட்டுப்பாலுக்கு இசைந்தார்.