'ஆமா' என்று சொல்ல வைக்காதே

அன்புள்ள தங்கைக்கு,

மெடிக்கல் வார்டில் உனக்கு டியூட்டி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாய். அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. அந்த ஐந்தையும் எப்படிக் கேட்டு உறுதிசெய்வது என்று மட்டும் சொல்கிறேன். வார்டில் நடக்கும் சரிபார்ப்பில் பெரும்பகுதி, 'ஆமா' என்ற பதிலை வாங்குவதற்காகவே நடக்கிறது.

"நீங்கதானே மாரியம்மாள்?" என்று கேட்டுப்பார். காது மந்தமான பாட்டி தலையாட்டுவார், காய்ச்சலில் கிடப்பவரும் தலையாட்டுவார். சீருடையில் இருப்பவரை மறுத்துப் பேசத் தயங்குகிறவர்கள் நம் ஊரில் அதிகம். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திரு. அடுத்து வீட்டுக்காரர் பெயரைக் கேள், சொல்லக் கூச்சப்பட்டால் ஊரைக் கேள். பிறகு கேஸ் ஷீட்டையும் ஐ.பி. எண்ணையும் பார். ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாள் இருப்பது நமக்கு அதிசயமா என்ன? கட்டில் எண்ணை நம்பி ஊசி போடாதே. ஃபேன் காற்றுக்காக ராத்திரியில் கட்டில் மாறிப் படுத்துக்கொள்வார்கள்.

நமக்குள் கேட்டுக்கொள்வதும் இப்படித்தான். "அக்கா, பத்து யூனிட்தானே?" என்றால், கையில் வேறு வேலை வைத்திருக்கும் அக்கா "ஆமா" என்பார். எண்ணை நீ சொல்லாதே. சிரிஞ்சு, மருந்து வயல், கேஸ் ஷீட் மூன்றையும் நீட்டி, "எவ்வளவு இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்று கேள். இன்சுலினில் இது மிக முக்கியம். மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். கோட்டை மட்டும் பார்த்தால் நான்கு பேர் பார்த்தாலும் சரியாகத்தான் தெரியும். நடுராத்திரியில் நோயாளி வியர்த்து மயங்கிய பிறகுதான் வயலைத் தேடுவார்கள்.

வார்டு முழுவதையும் ஒருத்தியே பார்க்கும் இரவில் எல்லா மருந்துக்கும் இரண்டாவது ஆள் கிடைக்க மாட்டார். ஆனாலும் இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு, குழந்தைகளுக்கான அளவு ஆகியவற்றுக்கு எப்படியாவது தேடிப் பிடி. பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூல் டிஸ்டில்டு வாட்டரைப் போலவே நிறமில்லாமல் இருக்கும். நீர்க்கச் செய்யாமல் அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இரண்டும் ஒரே டிரேயில் கிடந்தால், மற்ற வேலையை விட்டுவிட்டு முதலில் அதைப் பிரித்து வை.

டியூட்டி டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொள், எழுதியதை வாசித்துக் காட்டு. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒன்றுபோல விழும், அதனால் 'ஒன்று, ஐந்து' என்று இலக்கமாகச் சொல். யூனிட் என்பதை ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருக்கி எழுதினால் அது பூஜ்யம்போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். புரியாத கையெழுத்தை ஊகிக்காதே, எழுதியவரையே கேள். எரிந்து விழுவார். விழட்டும். ஆனால் "இது 5 மில்லிகிராம்தானே சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதே.

நோயாளியின் 'இல்லை'க்கும் காது கொடு. "நேத்து வெள்ளை மாத்திரைதானே குடுத்தீங்க, இது மஞ்சளா இருக்கே?" என்று ஒரு தாத்தா கேட்பார். "கம்பெனி மாறியிருக்கும், போடுங்க தாத்தா" என்று சொல்ல வாய் வரும். பலமுறை அது உண்மையாகவும் இருக்கும். இருந்தாலும் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் அட்டையில் உள்ள பெயரையும் அளவையும் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார். கம்பெனிதான் மாறியிருக்கிறது என்றால் திரும்பி வந்து அதைச் சொல்லிக் கொடு. நாளைக்கும் அவர் கேட்பார்.

அன்புடன்,
அக்கா