கேஸ்கட் இல்லாத மூடி

பிரஷர் குக்கரின் மூடியில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆவி விளிம்பு வழியே வெளியேறிவிடும், உள்ளே அழுத்தம் ஏறாது, பருப்பும் வேகாது.

வளையமே இல்லாமல், குக்கரைவிடப் பன்மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் மூடி ஒன்று உண்டு, தெரியுமா? ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினில் அதைப் பார்க்கலாம். ஜெர்மனியில் பிறந்த இக்காரின் உற்பத்தி 2003இல் மெக்சிகோவில் நின்றது. பழைய கார்களின் எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பித்து ஓட்டுவோர் இன்றும் உள்ளனர்.

இந்த எஞ்சினைக் குளிர்விப்பது காற்று. 1600 சி.சி. எஞ்சினில், வார்ப்பிரும்பு சிலிண்டரின் விளிம்பு அலுமினிய ஹெட்டில் குடைந்துள்ள வட்டப் பள்ளத்தில் நேராக உட்காருகிறது. நடுவே கேஸ்கட் இல்லை.

அந்த மூடியின் மேல் எவ்வளவு விசை செயல்படுகிறது? சிலிண்டரின் உள்விட்டம் 85.5 மி.மீ. எனவே பரப்பு சுமார் 57 சதுர செ.மீ. பெட்ரோல் எரியும்போது சதுர செ.மீ.க்கு 40 கிலோ அழுத்தம் என்று கொள்வோம். 57 × 40 = 2280 கிலோ! நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 தடவை இந்த அடி விழுகிறது. விளிம்பில் சிறு இடைவெளி இருந்தாலும் போதும். சுடுவாயு அதன் வழியே பீறிட்டு, நாளடைவில் அலுமினியத்தையே அரித்துவிடும்.

"நட்டுகளை இன்னும் பலமாக முறுக்கினால் போயிற்று" என்பீர்கள். அங்கேதான் ஆபத்து! ஹெட்டைப் பிடிக்கும் எஃகு ஸ்டட்டுகள் மக்னீசியக் கலப்புலோக உடலில் திருகப்பட்டவை. சூடேறினால் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆகவே எஞ்சின் சூடாகும்போது ஸ்டட்டின் இழுவிசை தானாகவே கூடுகிறது. முன்னரே அளவுமீறி முறுக்கியிருந்தால் மெதுவான மக்னீசியத்தில் உள்ள மரை பிய்ந்துவிடும்.

இதற்குக் கண்ட வழி விந்தையானது. 10 மி.மீ. ஸ்டட்டுக்குப் பதில் மெல்லிய 8 மி.மீ. ஸ்டட்டைப் போட்டார்கள்! மெல்லியது சுருள்வில்லைப்போல் எளிதில் நீண்டு கொடுக்கும்; மரையின்மேல் சுமை குறையும். முறுக்கும் அளவும் 3.2 கிலோகிராம்-மீட்டரிலிருந்து 2.5ஆகக் குறைந்தது.

அப்படியானால் கசியாமல் காப்பது எது? இரு பரப்புகளும் முழுமையாகப் பொருந்துவதுதான். அதை எப்படிச் சோதிப்பது?

1. சிலிண்டர் விளிம்பில் நீலச் சாயத்தை மெல்லியதாகப் பூசி, ஹெட்டின் பள்ளத்தில் வைத்துச் சற்றே திருப்பி எடுக்க வேண்டும். ஹெட்டில் அறுபடாத நீல வளையம் பதிந்தால் நல்லது. அறுந்திருந்தால், நுண்ணிய தேய்ப்புப் பசையிட்டுத் தேய்த்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

2. ஒரே ஹெட் இரண்டு சிலிண்டர்களை மூடுகிறது. எனவே இரண்டும் சம உயரமாக இருக்க வேண்டும். ஒன்று தலைமயிர் கனம் குட்டையாக இருந்தாலும் அங்கே பிடிப்பு தளரும்.

3. பூட்டிய பின், இரு வால்வுகளும் மூடிய நிலையில், ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்திக் காதால் கேட்க வேண்டும். புகைக்குழாயில் இரைந்தால் வெளியேற்று வால்வில் குறை. கார்புரேட்டரில் இரைந்தால் உள்வாங்கு வால்வில். எண்ணெய் ஊற்றும் வாயில் இரைந்தால் பிஸ்டன் வளையத்தில். சிலிண்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் இரைந்தால்? நம் மூடிதான் கசிகிறது!

செய்து பாருங்கள்: குங்குமத்தை இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் மெல்லியதாகத் தடவுங்கள். அதைக் கண்ணாடிமீது கவிழ்த்து எடுங்கள். சிவப்பு வட்டம் முழுமையாக விழுந்ததா? எங்கே அறுந்திருக்கிறது? கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த விளிம்பின் உண்மை நிலை புலப்படும். இனி டம்ளரை எவ்வளவு அழுத்தினால் அறுந்த இடம் ஒட்டுகிறது என்று பாருங்கள். பலத்தால் ஆகாததைப் பொருத்தம் செய்யும் என்பது விளங்கும்.

கணக்கு: 1300 சி.சி. பீட்டில் எஞ்சினின் உள்விட்டம் 77 மி.மீ. அதே அழுத்தத்தில் விசை எவ்வளவு? (விடை: சுமார் 1860 கிலோ.)